கடுக்காய்க்கு இரண்டு உத்தியோகம்

வேலூரின் கீழ்க்கோடியில், கலெக்டர் காரியாலயம் அமைந்திருக்கும் சத்துவாச்சாரியை நேயர்களில் பலர் பிரயாணத்தின்போது வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலை அந்த ஊரை ஒட்டியே போகிறது. கிழக்கே திரும்பினால் மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும். மேற்கே திரும்பினால் ஆம்பூரும் வாணியம்பாடியும். ஆம்பூர் என்றதும் இக்காலத்தில் பலருக்குப் பிரியாணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக அடுப்பு எரிந்து வந்தது தோல் தொழிலினால்தான்.

அந்தத் தொழிலுக்கு ஒரு காலத்தில் பாலாற்று நீரைத் தவிர வேண்டியிருந்தவை சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய், கொஞ்சம் எண்ணெய் ஆகியவையே. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து மயிரை நீக்குவார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் நாட்கணக்காகப் போட்டு வைப்பார்கள். கடைசியில் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். இவ்விதம் பதனிட்ட தோல் கப்பலேறிச் சென்று சீமையில் நல்ல பெயர் எடுத்தது. பட்டைக்கு வேண்டிய ஆவாரை தரிசு நிலமெங்கும் தானாகவே முளைத்துக் கிடந்தது. கடுக்காயோ ஜவ்வாது மலைவாசிகள் பொறுக்கிச் சேர்த்து விற்கும் காட்டுச் சரக்கு.

இதே ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கேட்டு வாங்கலாம். தொட்டியில் தோலைக் கெட்டிப்படுத்திய சரக்கு, பாட்டியின் கையில் வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் மருந்தாகி விடுகிறது. இவை இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று மேற்பார்வைக்குத் தோன்றும். உண்மையில் ஒரே வேலைதான். இதைப் புரிந்துகொண்டால், மூலிகைகள் வீக்கத்தைத் தணிக்கும் என்று இப்போது நாலா பக்கத்திலிருந்தும் நம் காதில் விழும் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது ஓரளவு விளங்கும்.

கடுக்காயில் நூற்றுக்கு முப்பது பங்கு வரையிலும், ஆவாரம்பட்டையில் அதற்குக் குறைந்த அளவிலும் இருக்கும் துவர்ப்புச் சத்துக்கு ரஸாயன சாஸ்திரிகள் டானின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். புரதத்தைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்வது அதன் சுபாவம். மிருகத் தோலின் பெரும் பகுதி கொலாஜன் என்னும் புரத நார். டானின் அந்த நார்களின் இடையே புகுந்து ஒன்றோடொன்று பிணைத்து விடுகிறது. பிணைக்கப்பட்ட நார் நீரில் அழுகாது, கிருமிக்கும் இரையாகாது. கடுக்காய்த் துண்டொன்றை வாயில் போட்டவுடன் நாக்கு சுருங்கி வறண்டாற்போல் ஆகிறதே, அப்பொழுது டானின் நம் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றத் தொடங்கி விட்டது என்று அர்த்தம். துவர்ப்பு என்று நாம் சொல்வது, பதனிடும் வேலையின் முதல் படியை நாக்கு உணர்வதேயன்றி வேறில்லை.

புண்பட்ட ஈறின்மேல் கடுக்காய்க் கஷாயம் படும்போதும் இதுவே நிகழ்கிறது. மேற்பரப்பு இறுகுகிறது, கசிவு குறைகிறது, கிருமிகளின் ஆட்டமும் கொஞ்சம் அடங்குகிறது. சித்த வைத்திய நூல்கள் இத்தகைய சரக்கைத் துவர்ப்பி என்று வகைப்படுத்துகின்றன. வெறும் நம்பிக்கையோடு விட்டுவிடாமல் இதைப் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். 2015-ஆம் வருஷத்தில் நமது தேசத்துப் பல் வைத்தியர்கள் சிலர், கடுக்காய்ச் சாறு கலந்த வாய்கொப்பளிக்கும் நீரையும், பல் வைத்தியர்கள் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் நீரையும் நான்கு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, ஈறு வீக்கத்தைக் குறைப்பதில் கடுக்காய் பின்வாங்கவில்லை என்று பிரசுரித்தார்கள். சிறிய பரீட்சைதான். ஆயினும் பாட்டியின் கட்சிக்கு ஒரு சாக்ஷி கிடைத்தது.

ஈறு விஷயம் இவ்வாறு முடிந்தது. முழங்கால் விஷயம் இவ்வளவு சுலபமல்ல.

வீக்கம் என்பது என்ன? சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அதற்கு நான்கு அடையாளங்களை ரோமாபுரியைச் சேர்ந்த செல்ஸஸ் என்பவர் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்தார். இன்றைய தமிழில் இதை அழற்சி என்கிறோம். பழைய வைத்திய ஏடுகளில் தாபிதம் என்பார்கள். இது உண்மையில் ஒரு வியாதியல்ல, சரீரத்தின் காவல். காலில் முள் தைத்தால் அவ்விடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. வெள்ளணுக்கள் போலீஸ் படைபோல் ஓடி வருகின்றன. அந்த அமளியில் இடம் சிவந்து சூடேறுகிறது. கள்ளன் பிடிபட்டதும் படை கலைந்து போக வேண்டும். அது கலையாமல் ஊரிலேயே முகாமிட்டு, குடிகளையே அடிக்க ஆரம்பித்தால் அதுதான் முடக்குவாதம் முதலான நீடித்த உபாதைகள்.

இந்தப் படைக்குத் தாக்கீது அனுப்பும் ரஸாயனப் பொருள்களில் ப்ராஸ்டாகிளாண்டின் என்பது ஒன்று. ஆஸ்பிரின் மாத்திரை அதன் உற்பத்தியைத் தடுப்பதனாலேயே வலியும் வீக்கமும் தணிகின்றன என்று 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்த ஆஸ்பிரினின் பூர்வீகமும் ஒரு மரப்பட்டைதான். வில்லோ என்னும் ஐரோப்பிய மரத்தின் பட்டைப் பொடி சுரத்தைத் தணிக்கிறது என்று 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். பட்டையிலிருந்து ஸாலிஸின் என்ற சத்து பிரிக்கப்பட்டது. அதன் வழிவந்த ஸாலிஸிலிக் அமிலத்தைக் கொண்டு 1897-இல் ஜெர்மனியிலுள்ள பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் உருவாயிற்று.

இதிலே நமக்கு ருசிகரமான விஷயம் வேறு. ருஷ்யாவில் புகழ்பெற்ற தோல்களைப் பதனிடுவதற்கு இதே வில்லோப் பட்டையைத்தான் உபயோகித்தார்கள்! ஆவாரம்பட்டையைப் போலவே அதற்கும் இரண்டு உத்தியோகம் இருந்தது. ஆனால் இரண்டு உத்தியோகத்தையும் பார்த்தது ஒரே சத்து அல்ல. தோலைப் பதனிட்டது பட்டையிலுள்ள டானின். சுரத்தைத் தணித்தது ஸாலிஸின். ஸாலிஸின் சிறிய பொருள். குடலில் இறங்கியதும் ரத்தத்தில் கலந்து, உடம்புக்குள்ளேயே ஸாலிஸிலிக் அமிலமாக மாறி, வலிக்கும் இடம் எதுவானாலும் போய்ச் சேருகிறது. டானினோ பெரிய உருவம். போகும் வழியில் தென்படும் புரதத்தையெல்லாம் பற்றிக்கொண்டு நின்றுவிடும் இயல்பும் உடையது. குடலின் சுவரைத் தாண்டி முழுசாக ரத்தத்துக்குள் புகுவது அதனால் அரிது.

ஆகவே கடுக்காய் கஷாயம் குடித்தால் முழங்கால் வீக்கம் குறையுமா என்று கேட்பவர், கடுக்காயில் வீக்கத்தைத் தணிக்கும் சத்து உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. சத்து இருக்கிறது. கடுக்காயிலிருந்து பிரித்த செபுலாஜிக் அமிலம், ஆஸ்பிரின் தடுக்கும் அதே என்ஸைமையும், அழற்சியில் பங்குகொள்ளும் இன்னொன்றையும் சேர்த்துத் தடுக்கிறது என்று ஹைதராபாத் பல்கலைக் கழகத்தார் 2009-இல் காட்டியிருக்கிறார்கள். அது சோதனைக் கூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில். கிண்ணத்தில் மருந்துக்கும் என்ஸைமுக்கும் நடுவே குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. வயிற்றுக்குள் சென்ற கடுக்காய்ச் சத்தில் ஒரு பகுதியைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று, யூரோலிதின் என்ற சிறு பொருள்களாக மாற்றுகின்றன. அவை ரத்தத்தில் சேருகின்றன. அவற்றுக்கும் வீக்கத்தைத் தணிக்கும் குணம் இருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் எல்லாருடைய குடலிலும் அந்த நுண்ணுயிர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு யூரோலிதின் உண்டாவதேயில்லை. ஒரே கஷாயம் அண்ணனுக்குக் குணமளித்து, தம்பிக்கு ஒன்றும் செய்யாமற் போவதற்கு இதுவும் காரணமாயிருக்கக் கூடும்.

இனி மஞ்சளுக்கு வருவோம். நமது வீடுகளில் கல்யாணம் முதல் காயம் வரை அது இல்லாத காரியம் இல்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற பொருளை 1815-இலேயே பாரிஸில் வோகல், பெல்த்தியே என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அது வீக்கத்தைத் தணிக்கும் என்பதை விஞ்ஞான ரீதியாக எடுத்துக் காட்டியவர்கள் நம்மவர்களே. லக்னௌவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் ஸ்ரீமல், தவன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1973-இல் அதைப் பிரசுரித்தார்கள்.

எப்படிக் காட்டினார்கள் என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், இன்ன மூலிகை வீக்கத்தைக் குறைக்கிறது என்று பத்திரிகைகளில் வரும் சமாசாரங்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது இந்த மாதிரிச் சோதனைதான். எலியின் பின்னங்காலில் காராஜீனன் என்ற பொருளைக் கொஞ்சம் ஊசி மூலம் செலுத்துவார்கள். சில மணி நேரத்தில் பாதம் புசுபுசுவென்று வீங்கும். முன்கூட்டியே மூலிகைச் சத்தைக் கொடுத்த எலிக்கு வீக்கம் எவ்வளவு குறைவு என்று அளப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் வீக்கத்தை உண்டாக்கும் காராஜீனனும் ஒரு தாவரச் சரக்குதான், கடற்பாசியிலிருந்து எடுப்பது. தாவரம் என்றால் சாது என்று நினைப்பவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். எலியின் கால் வீக்கம் ஒரு பிற்பகலில் வந்து போவது. நம் வீட்டுப் பெரியவரின் முழங்கால் பத்து வருஷமாகத் தேய்ந்து வந்தது. முதலாவதில் ஜயித்த சரக்குகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இரண்டாவதில் ஜயித்தவற்றை விரல் விட்டு எண்ணலாம்.

மஞ்சளுக்கு என்ன சங்கடம்? குர்குமின் நீரில் கரையாது. குடலிலிருந்து உட்கிரகிக்கப்படுவது சொற்பம். கிரகிக்கப்பட்டதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றி விடுகிறது. பெங்களூர் ஸெயிண்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியில் 1998-இல் செய்த பரீட்சையில், மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அது அகப்படுவதே கஷ்டமாயிருந்தது. மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கூடச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்டுக் கொடுத்த நம் தாய்மார்களுக்கு இதைக் கேட்டுப் பெருமை ஏற்படலாம், நமக்கும் ஏற்பட்டது. ஆனால் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கிறது. அந்தப் பரீட்சையில் கொடுத்த 2 கிராமுக்கு ஏறக்குறைய 65 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். நமது சாம்பாரிலும் பொரியலிலும் ஆளுக்கு 2 கிராம் தூள் சேருவதாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 60 மில்லிகிராம். சமையலில் மஞ்சள் சேர்ப்பது நன்று. மூட்டுவலிக்கு அதுவே மருந்து என்று எண்ணுவது வேறு.

அதிக அளவில் சத்தைப் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்தில் 367 பேரைக் கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சத்து உண்டவர்களுக்கு, நான்கு வாரத்தில் முழங்கால் வலி, 1200 மில்லிகிராம் ஐபுபுரூபென் உண்டவர்களுக்குக் குறைந்த அளவுக்குக் குறைந்தது. 2020-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து வந்த செய்தி இன்னும் கூர்மையானது. முழங்காலில் நீர் கோத்து வீங்கிய 70 பேருக்குப் பன்னிரண்டு வாரம் மஞ்சள் சத்தோ வெற்று மாத்திரையோ கொடுத்து, வலியையும் விசாரித்தார்கள். ஸ்கான் படம் எடுத்து வீக்கத்தையும் அளந்தார்கள். மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி ஓரளவு குறைந்திருந்தது. வீக்கம் குறையவில்லை! வலி குறைந்தது லாபந்தான். ஆனால் வீக்கமுருக்கி என்ற பட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும் சரக்கு, வீக்கத்தை விட்டுவிட்டு வலியை மட்டும் தொட்டது ஏன் என்பதை ஆராய்ச்சியாளர்கள்தான் இனி விளக்க வேண்டும்.

இரத்தத்தில் சேராதவரையில் மஞ்சளால் தீங்கும் இல்லை. சேரும்படி மிளகுச் சத்தும் வேறு உபாயங்களும் கூட்டி விற்கத் தொடங்கிய பிறகு, எங்கோ சிலருக்குக் கல்லீரல் வீங்கலாயிற்று. அமெரிக்காவில் மருந்துகளால் கல்லீரல் கெடுவதைக் கண்காணிக்கும் வைத்தியர் குழு 2011 முதல் 2022 வரையில் இவ்விதம் பத்துப் பேரைப் பதிவு செய்தது. அவர்களில் ஒருவர் இறந்து போனார். ஆஸ்திரேலிய சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2023-இல் எச்சரிக்கை வெளியிட்டது. கோடிக்கணக்கானவர்கள் உண்ணும் பொருளில் இது மிகச் சொற்பமே. ஆனாலும் உடம்பினுள் புகுந்து வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் இன்னொரு முகம் இருக்கிறது.

வீட்டு வைத்தியத்தை இகழ்வதற்காக இதையெல்லாம் எழுதுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். சொல்லப் போனால் பழைய வைத்தியத்தின் கைமுறைகளை நாம் கூர்ந்து கவனித்தபோது நமக்கு மரியாதை அதிகரித்ததே தவிர குறையவில்லை. மஞ்சளை அரைத்துச் சுளுக்குக்குப் பற்றுப் போட்டார்கள். நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார்கள். கொதிக்க வைத்து வேது பிடித்தார்கள். கடுக்காயை வாயில் அடக்கினார்கள். குடல், கல்லீரல் என்ற இரண்டு சுங்கச் சாவடிகளையும் சுற்றிக்கொண்டு, நோகும் இடத்திலேயே சரக்கைக் கொண்டு போய் வைக்கும் முறை இது. ஒத்தடத்தில் சூட்டுக்கு எவ்வளவு பங்கு, தழைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினந்தான். மிளகாயின் காரச் சத்தான காப்ஸைசினைக் களிம்பாக்கி முழங்காலில் தடவலாம் என்று அமெரிக்க மூட்டு வைத்தியர் சங்கமே 2019-இல் ஒரு மாதிரி சிபாரிசு செய்திருக்கிறது. வெளிப்பூச்சு என்றால் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, விலை உயர்ந்த மாத்திரையை விழுங்குவதுதான் நாகரிகம் என்றிருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மஞ்சளை விட்டுப் போகுமுன் ஒரு பழைய வழக்கையும் ஞாபகப்படுத்த வேண்டும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் மிஸிஸிப்பிப் பல்கலைக் கழகத்து வைத்தியப் பிரிவு 1995-இல் பேடண்ட் உரிமை வாங்கியது. நமது விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கௌன்ஸில் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் ஆதாரமாகக் கொண்டு போய்ப் போராடி, 1997-இல் அந்த உரிமையை ரத்து செய்ய வைத்தது. தேசம் முழுவதும் சந்தோஷப்பட்டது நியாயமே. ஆனால் அந்த வழக்கில் தீர்ப்பானது, மஞ்சளின் உபயோகம் நமக்கு முன்பே தெரியும் என்பதுதான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பது வழக்கு மன்றத்தில் தீர்மானமாகும் விஷயமல்ல.

அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கண்டுவிட்ட தாவரம் ஒன்று நம் வேலியோரத்திலேயே பூக்கிறது. கார்த்திகை மாதத்தில் தீக்கொழுந்து போல் விரியும் செங்காந்தள். தமிழ்நாட்டின் அரசு மலர். அதன் கிழங்கு கலப்பையின் வடிவத்தில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், உழவர் வாய்ச்சொல்லில் கண்வலிக் கிழங்கு என்றும் வழங்குகிறது. கொடிய விஷம். கிராமங்களில் வள்ளிக் கிழங்கென்று மயங்கி உண்டு மாண்டவர்கள் உண்டு. விஷத்துக்குக் காரணமான கொல்கிஸின் என்ற பொருளை, வேறொரு ஐரோப்பியச் செடியிலிருந்து 1820-இல் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர், மஞ்சளில் நாம் சந்தித்த அதே பெல்த்தியேதான். கால் கட்டைவிரலை நெருப்பாகச் சுடும் கௌட் என்ற வாத நோய்க்கு அது கைகண்ட மருந்து. வெள்ளணுக்கள் நகர்ந்து செல்வதற்கு ஆதாரமான நுண் இழைகளைக் கொல்கிஸின் கட்டிப்போட்டு விடுகிறது. போலீஸ் படையின் கால்களுக்கு விலங்கிட்டதுபோல் ஆகிறது, அமளி அடங்குகிறது.

இது ரத்தத்தில் எளிதில் சேரும் பொருள். ஆகவே பலனும் நிச்சயம், ஆபத்தும் நிச்சயம். மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது. அப்படிப்பட்ட பொருளை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் அளந்து அளந்து சோதித்து, தினம் அரை மில்லிகிராம் என்ற நிலைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். மாரடைப்புக்கு ஆளான 4,745 பேரிடம் செய்த பரீட்சை 2019-இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 7.1 பேருக்கு மறுபடி இருதய ஆபத்தோ பக்கவாதமோ நேர்ந்தது; கொல்கிஸின் உண்டவர்களில் 5.5 பேருக்கு. இருதயக் குழாய் அடைப்பிலும் அழற்சிக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு இது ஒரு ருசு. 2023-இல் அமெரிக்க சர்க்கார் இந்த உபயோகத்துக்கு அனுமதி அளித்தது. மறு வருஷமே 7,062 பேரைக் கொண்ட இன்னொரு பெரிய பரீட்சையில் பலன் காணவில்லை. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. மூலிகை ஒன்றைச் சபையில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது என்றால் இதுதான். கடுக்காயும் நொச்சியும் இந்தக் கூண்டில் இன்னும் ஏறவில்லை.

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் குடியானவர்கள் செங்காந்தளைப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். வண்டுகளை நம்பினால் காய் பிடிப்பது போதாது என்று, காலை வேளையில் ஆட்கள் பூவுக்குப் பூ சென்று கையினாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு விளைந்த விதையில் கணிசமான பகுதி கொல்கிஸின் எடுப்பதற்காக வெளிநாடு போகிறது. தோல் விஷயத்தில் நாம் கண்ட பழைய கதையை இது நினைவூட்டுகிறது. பதனிட்ட தோல் போயிற்று. பூட்ஸாகத் திரும்பி வந்தது. ஆம்பூர்க்காரர்கள் அந்தப் பாடத்தைக் கற்று இப்பொழுது தாங்களே பூட்ஸ் தைத்து அனுப்புகிறார்கள். விதைக்காரர்களுக்கு அந்த நாள் வரவேண்டும் என்பது நமது ஆசை.

ஆனால் தோல் தொழிலில் இன்னொரு பாடமும் உண்டு. பட்டைக்கு வாரக் கணக்கில் ஆகும் வேலையைக் குரோமிய உப்பு வெகு சீக்கிரம் முடித்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாட்டர்டன் துரை அந்த முறையைச் சென்னையில் புகுத்தினார். பின்னால் அது வேலூர் வட்டாரமெங்கும் பரவியது. பாலாற்றுக்கு நேர்ந்த கதியை விசாரித்து 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பை நேயர்கள் அறிவார்கள். குரோமியத்தோடு பழகும் தொழிலாளரின் கைகளில் ஒரு வகைத் தோல் அழற்சி உண்டாவதும் வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயமே. ஆவாரம்பட்டைத் தொட்டியில் கை வைத்தவருக்கு அந்த உபத்திரவம் இல்லை.

வேலூர் வைத்தியசாலைக்கு மூட்டுவலியோடு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள், 2006-இல் சிக்குன்குனியா சுரம் தமிழ்நாட்டில் பரவியபோது சுரம் விட்ட பிறகும் மாதக் கணக்கில் கைகால் பிடிப்போடு அவதிப்பட்டவர்கள் எந்த ஊரிலும் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களில் பலர் இரண்டு வைத்தியத்தையும் சேர்த்தே செய்துகொள்கிறார்கள். அதில் தவறில்லை, ஒன்றை மற்றொன்றுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் தவறு. முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர் மாதா மாதம் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ள நேருகிறது. அவர் குர்குமின் குளிகையையும் ரகசியமாகச் சேர்த்துக்கொண்டால், நாளைக்குக் கல்லீரல் கெடும்போது எதனால் என்று வைத்தியர் எவ்வாறு கண்டுபிடிப்பார்? ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் உண்பவர் ஒருவர் மஞ்சள் மாத்திரையும் சேர்த்துக்கொண்டு, ரத்தம் அளவு மீறி இளகிப்போன விஷயம் 2018-இல் நியூஜீலந்தில் பதிவாகியிருக்கிறது. வலி பொறுக்காமல், சுத்த மூலிகை என்று விளம்பரம் செய்யும் பொடியை வாங்கி, வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களின் கதி இன்னும் பரிதாபமானது. முடக்குவாதத்தில் வலி இல்லாத நாளிலும் மூட்டு அரித்துக்கொண்டே போகும்.

சுத்த மூலிகை எப்பொழுதும் சுத்த மூலிகையாக இருப்பதுமில்லை. மூட்டுவலிக்கு மூலிகை மருந்து என்று விற்ற சில மாத்திரைகளுக்குள் டெக்ஸாமெதஸோன் என்ற ஸ்டீராய்டும், டைக்ளோபெனாக் என்ற வலி மருந்தும் ஒளிந்திருப்பதாக அமெரிக்க மருந்து இலாகா 2022-இல் எச்சரித்தது. ஒரே நாளில் வலி பறந்தது என்று யாராவது மார்தட்டினால் சந்தேகப்பட வேண்டிய காரணம் இதுதான். கடுக்காயும் மஞ்சளும் அவ்வளவு அவசரக்காரர்கள் அல்லர். அத்தகைய பொடியை மாதக் கணக்கில் தின்றவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு தனது சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். மயக்கமும் தளர்ச்சியும் வந்து உயிருக்கே மோசம் நேரலாம். முகம் உப்பி, உடம்பு பெருத்து வருவதாகத் தோன்றினால், பொட்டலத்தை எறிந்து விடாமல் அதையே கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும். அதில் என்ன கலந்திருக்கிறதென்று சந்தேகிக்கவும், படிப்படியாக எப்படிக் குறைப்பதென்று சொல்லவும் அவரால் முடியும்.